கூண்டுக் கிளியின் வரலாறு

அரசர்களின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டுகள் உண்டு, செப்பேடுகள் உண்டு. வீட்டு முற்றத்தின் வரலாற்றை அறிவதற்கு அத்தகைய சான்றுகள் மிகக் குறைவு. எந்த மன்னன் எந்த ஊரை வென்றான் என்று சொல்லும் கல், அந்த ஊர்ப் பெண்கள் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் எந்தப் பறவையை வளர்த்தனர் என்று சொல்வதில்லை. ஆயினும் அத்தகைய சிறு செய்திகளையும் தேடித் தொகுத்தால் அவையும் வரலாறாகவே அமையும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கிளியின் வரலாறு. இன்னும் சரியாகச் சொன்னால், நாம் கிளியைக் கூண்டில் வைத்த வரலாறு.

எங்கள் சங்கரன்கோவிலில், பழைய வீடுகள் சிலவற்றின் தாழ்வாரத்து உத்தரத்தில் சிறிய இரும்புக் கொக்கி ஒன்றை இன்றும் காணலாம். தொட்டில் கட்டுவதற்கு அது போதாது. விளக்குத் தொங்கவிடுவதற்கு அது இடமும் அன்று. கிளிக்கூண்டு தொங்கிய கொக்கி அது. வருவோரைப் பார்த்து 'அக்கா வந்தாச்சு' என்று அறிவித்த கிளியைப் பற்றி அவ்வீட்டு முதியோர் மகிழ்ச்சியோடு சொல்வர். கூண்டு போய்விட்டது, கொக்கி மட்டும் இருக்கின்றது. அது எவ்வாறு வந்தது, ஏன் போயிற்று என்பதே நம் கேள்வி.

சங்க இலக்கியத்தில் நாம் பெரிதும் காணும் கிளி, கூண்டுக் கிளி அன்று, தினைப்புனத்துக் கிளி. அது உழவனுக்கு நண்பனும் அன்று. கதிர் முற்றும் காலத்தில் கூட்டமாக வந்திறங்கி, உண்பதைக் காட்டிலும் மிகுதியாகக் கொய்து சிந்தும் பறவை அது. அதனை ஓட்டுவதற்கென்றே மலைநாட்டு மகளிர் பரண்மீது காவலிருந்தனர். தழல், தட்டை, குளிர் எனக் கிளியோட்டும் கருவிகளின் பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு நமக்குக் காத்துத் தந்திருக்கின்றது. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஓசையெழத் தட்டும் கருவி. இக்காலத்தில் கரிசற்காட்டுச் சோளக்கொல்லையில் பழைய தகரத்தைத் தட்டும் சிறுவனைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கருவி மாறியிருக்கின்றது, கிளியும் கொல்லையும் மாறவில்லை.

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 'கிள்ளைப் பத்து' என்றே ஒரு பத்து உண்டு. அங்கே காதலர் கிளியை வாழ்த்துகின்றனர். கிளி வந்து கதிரைக் கொய்வதனாலன்றோ தலைவி காவலுக்கு வருகின்றாள்! அவள் வருவதனாலன்றோ தலைவன் அவளைக் காண முடிகின்றது! பயிருக்குப் பகை, காதலுக்குத் துணை. ஆயினும் அந்தக் கிளியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அங்கே யாருக்கும் எழவில்லை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். ஓட்டினர், திட்டினர், வாழ்த்தினர், அடைக்கவில்லை.

வீட்டுக்குள் வந்த கிளியைக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், மறையோதுவார் வாழும் ஊரொன்று வருகின்றது. அங்கே வளைந்த வாயுடைய கிளிக்கும் மறையொலி பயிற்றப்படுகின்றது. காட்டில் கள்வனாக இருந்த பறவை ஊருக்குள் மாணாக்கனாகிவிட்டது! வடமொழியிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. வாத்சியாயனர் தொகுத்த 64 கலைகளில், கிளிக்கும் நாகணவாய்ப் புள்ளுக்கும் பேசக் கற்பித்தல் ஒரு கலை. ஆகவே கிளி வளர்த்தல் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. கற்றவர் வீட்டின் அடையாளமாகவும் இருந்தது.

இடையே ஒரு சிறு செய்தி. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, கபிலர் வளர்த்த கிளிகள் வெளியே பறந்துசென்று நெற்கதிர் கொண்டுவந்து கோட்டையிலிருந்தோரைக் காத்தன என்று கதை சொல்வர். பள்ளிக்கூடத்தில் நானும் இதனைக் கேட்டேன். அகநானூற்றில் ஔவையார் பாடலைப் படித்துப் பார்த்தால், பறம்பிலிருந்து காலையிற் சென்று நெற்கதிர் கொண்டு மாலையில் திரும்பிய பறவைகளை அவர் குருவியினம் என்றே சொல்கின்றார். குருவியைக் கிளியாக மாற்றியது பிற்காலத்தார் அன்பு. வீட்டில் வளர்ந்து சொன்னதைச் சொல்லும் பறவைக்கே இவ்வளவு நன்றியறிவு இருக்கும் என்று மக்கள் எண்ணினர் போலும். பாடத்தில் உள்ளது எது, பின்னர் ஏற்றியது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வரலாற்று மாணவனின் முதற்கடமை.

நம் கிளியைக் கண்டு வியந்தவர் நாம் மட்டும் அல்லர். கி.மு. 400 அளவில் பாரசீக அரண்மனையில் மருத்துவராக இருந்த டீசியாஸ் என்னும் கிரேக்கர், இந்தியாவில் மனிதர்போல் பேசும் பறவை ஒன்று உண்டென்றும், அது இந்திய மொழி பேசும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் எழுதினார். அவர் இந்தியாவைக் கண்டவர் அல்லர். ஆயினும் இந்தச் செய்தி பிழையன்று. அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின்னர் இந்தியக் கிளிகள் மேற்கே சென்றன. பெரிய பச்சைக்கிளி இனம் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. உரோம நகரத்தில் கிளி செல்வர் வீட்டுப் பொருளாயிற்று. காதலியின் கிளி இறந்ததற்குக் கவிஞர் ஓவிட் இரங்கற்பாவே பாடினார்.

அதே உரோமப் பேரரசில், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தின்போது உயிரிழந்த பிளினி என்னும் அறிஞர், கிளிக்குப் பேசக் கற்பிக்கும் முறையையும் எழுதிவைத்தார். கிளியின் தலை அதன் அலகைப் போலவே கடினமானதாம். ஆகையால் பாடம் சொல்லும்போது அதனை இரும்புக் கோலால் அடிக்கவேண்டுமாம். இல்லையேல் அடி அதற்கு உறைக்காதாம்! நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் வகுப்பறையில் நின்றவன் நான். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் தொழிலில் பிரம்புக்கு இருந்த செல்வாக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

உரோமாபுரியை நகைத்துவிட்டு நாம் நல்லவர் என்று இருந்துவிட முடியாது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையத்தைக் கடந்தால் திருவில்லிபுத்தூர். அங்கே தோன்றிய ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில் ஒரு கூண்டுக் கிளி வருகின்றது. அது எப்போதும் கோவிந்தன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கின்றது. பிரிவால் வருந்தும் தலைவிக்கு அந்தப் பெயர் கேட்கக் கேட்கத் துயரம் மிகுகின்றது. உணவு கொடாமல் அதனை ஒறுத்தால், அப்போதும் அது அடங்காமல், உலகளந்தவன் பெயரை இன்னும் உரக்கக் கூவுகின்றது. பக்தி உலகம் இப்பாசுரத்தைப் போற்றும் நெறி வேறு. அதில் நான் குறுக்கிடவில்லை. வரலாற்று மாணவன் இதில் காண்பது மற்றொன்று. கிளி கூண்டில் இருந்தது, பேசக் கற்பிக்கப்பட்டது, பேச்சு வேண்டாதபோது பட்டினி போடுவதும் வழக்கத்தில் இருந்தது. இந்த வட்டாரத்து வீட்டுக் கிளியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. அங்கே இரும்புக் கோல், இங்கே பட்டினி. பசித்த கிளி உரக்கக் கத்தியதில் வியப்பில்லை என்று இன்றைய விலங்கியலார் சொல்வர்.

அதே திருவில்லிபுத்தூரில் இன்றும் ஒரு கிளி உண்டு. ஆண்டாளின் இடக்கையில் விளங்கும் அந்தக் கிளி உயிருள்ளது அன்று. பச்சிலைகளைக் கொண்டு, மாதுளம்பூவால் அலகு வைத்து, மூங்கிற் குச்சியால் கால் அமைத்து, ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் உழைத்துப் புதிதாகச் செய்கின்றனர். முதல்நாட் கிளியை அடியார்க்கு வழங்கிவிடுகின்றனர். மதுரையில் மீனாட்சியம்மையின் கையிலும் கிளி உண்டு. ஆனால் அங்கே உயிர்க்கிளிகளும் இருந்தன. அம்மன் சந்நிதியை அடுத்த கிளிக்கூட்டு மண்டபம் முத்துவீரப்ப நாயக்கரால் 1623இல் கட்டி முடிக்கப்பட்டது. பெயருக்கேற்ப அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து, 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கியிருந்தனர். பிற்காலத்தில் கூண்டுகளை அகற்றிவிட்டனர். இன்று செல்வோர் காண்பது மண்டபத்தையும் பெயரையும்தான்.

கிளியைத் தூதாக அனுப்பும் மரபும் நம்மிடம் வளமானது. சீவக சிந்தாமணியில் குணமாலை சீவகனுக்குக் கிளியைத் தூது விடுகின்றாள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் கிள்ளைவிடு தூது என்று ஒரு நூலே இயற்றினார். மாணிக்கவாசகர் தம் திருத்தசாங்கத்தில் கிளியை அழைத்தே இறைவனின் நாடும் ஊரும் ஆறும் வினவுகின்றார். இவற்றையெல்லாம் விரித்தால் நேரம் போதாது. ஒன்றை மட்டும் குறிப்பிடுகின்றேன்: இத்தனை நூல்களிலும் நாம் கிளியைப் பேசவிட்டது நம் சொல்லைத்தான். கிளியின் சொல் யாதென்று கேட்டவர் அரியர்.

கிளி ஏன் பேசுகின்றது? அதற்குக் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழலின் அடியில் உள்ள ஒலியுறுப்பும் தடித்த நாவும் சேர்ந்து அந்த ஒலியை உண்டாக்குகின்றன. இஃது எவ்வாறு என்பதற்கு விடை. ஏன் என்பதற்கு விடை வேறு. கிளி தனித்து வாழும் பறவை அன்று. கூட்டமாக மேய்ந்து, மாலையில் கூட்டமாக ஒரே மரத்துக்கு வந்தடைந்து, ஓயாமல் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கும் பறவை. தன் கூட்டத்தின் ஒலியைக் கற்றுக்கொள்வது அதன் இயல்பு. அதனைத் தனியே அடைத்துவிட்டால், அருகில் இருக்கும் மனிதரையே தன் கூட்டமாகக் கொண்டு அவர்களுடைய ஒலியைக் கற்கின்றது. கிளி நன்றாகப் பேசுகின்றது என்று நாம் பெருமைப்பட்ட இடமெல்லாம், பெரும்பாலும் அது துணையின்றி இருந்த இடம்.

இனி, அந்தக் கிளிகள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்வியைப் புலவர்கள் கேட்கவில்லை, ஒருவரைத் தவிர. திருக்குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர், சிங்கனையும் அவன் துணைவன் நூவனையும் கண்ணியோடு கொண்டுவந்து நிறுத்துகின்றார். பறவைகள் வயலில் இறங்கும் இடம் பார்த்துக் கண்ணி குத்தும் தொழிலை நகைச்சுவை ததும்பப் பாடுகின்றார். குற்றாலம் எங்களுக்குத் தொலைவில் இல்லை; பறவை பிடிப்போர் எங்கள் பக்கத்துக்கும் வந்தவர்களே. ஆயினும் வீட்டுக் கிளி கண்ணியில் அகப்பட்டது குறைவு. பொந்திலிருந்து எடுக்கப்பட்டதே மிகுதி. கிளி கூடு கட்டுவதில்லை. தலை இற்ற பனையிலும், ஆலமரம் போன்ற முதுமரங்களின் பொந்திலும் முட்டையிடும். தை முதல் சித்திரை வரை அதன் இனப்பெருக்கக் காலம். குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஏழு வாரம் பொந்துக்குள் இருக்கவேண்டும். இறகு முளைப்பதற்கு முன்னமே எடுத்தால்தான் பழகும் என்று எண்ணி, கண் திறந்த சில நாட்களில் எடுத்துவிடுவர். பனையைச் சாய்த்துக் குஞ்சு எடுப்பதும் உண்டு. ஓலைப் பெட்டியிலும் சாக்கிலும் அடைபட்டுச் சந்தைக்கு வரும் வழியில் இறந்தவை எத்தனை என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. தாழ்வாரத்தில் பேசிய ஒரு கிளிக்குப் பின்னால், பேசுமுன் மடிந்தவை சில இருந்தன என்பது மட்டும் உறுதி.

கோயில் வாசலிலும் சந்தை மூலையிலும் சீட்டு எடுத்துக் கொடுத்த சோதிடக் கிளியும் இந்தப் பொந்திலிருந்து வந்ததே. பறந்துவிடாதபடி அதன் இறகைக் கத்தரித்திருப்பர். அதன் கூண்டு ஒரு முழம் நீளம்கூட இராது. சோதிடம் சொல்வோர் பெரும்பாலும் வறியவர்; அந்தக் கிளியே அவர் குடும்பத்துக்குச் சோறு. அவர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. அந்தச் சீட்டுக்குக் காசு கொடுத்தவர் நாம். தாழ்வாரத்துக்குக் கிளி வாங்கியவரும் நாமே.

இந்த நீண்ட வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நிறைவேறியது. அதன் பின்னரும் சில காலம் இந்தியக் காட்டுப் பறவைகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்தன. 1990-91இல் அந்த ஏற்றுமதியும் நாட்டுப் பறவைகளின் உள்நாட்டு வாணிகமும் தடைசெய்யப்பட்டன. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது நம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணையில் வைத்து இன்னும் வலிய காவல் அளித்திருக்கின்றது. நாட்டுக் கிளியைப் பிடித்தலும் விற்றலும் வாங்குதலும் மட்டுமன்றி, கூண்டில் வைத்திருத்தலும் இன்று குற்றம். பச்சைக்கிளிக்கு மட்டுமன்று, செந்தலைக்கிளிக்கும், மேற்குமலையின் நீலப் பைங்கிளிக்கும், தலைகீழாகத் தொங்கி உறங்கும் சின்னக்கிளிக்கும் காவல் உண்டு. இதனை அறியாமல் இன்றும் வளர்ப்போர் உளர். உத்தரத்துக் கொக்கியில் கூண்டு இல்லாமற் போனதன் காரணம் பெரும்பாலும் இதுவே; மனமாற்றம் ஓரளவு, சட்டத்துக்கு அஞ்சியது ஓரளவு.

ஏற்றுமதியான கிளிகளுள் சில தப்பித்துக்கொண்டன. இலண்டன் மாநகரின் பூங்காக்களில் இன்று நம் பச்சைக்கிளிகள் ஆயிரக்கணக்கில் பறந்து திரிகின்றன. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் 1960களின் இறுதியிலிருந்து அங்கே குஞ்சு பொரித்துப் பெருகின. பனி பெய்யும் நாட்டில் பனைமரத்துப் பறவை வாழும் என்று யார் எண்ணியிருப்பர்!

அப்படியானால் மாணவர்கள் கிளியே வளர்க்கக்கூடாதா என்ற கேள்வி எழும். இதற்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கின்றது. நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சிறு கிளிகளுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியச் சிறுகிளிகளே. அப்பெயருக்கு உரிய பறவை வேறு. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஜான் கூல்ட் என்னும் பறவையறிஞர் 1840இல் இந்தச் சிறுகிளிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அன்று முதல் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவரும் இனம் இது. பச்சையும் மஞ்சளுமாக இருந்த பறவையை நீலமாகவும் வெள்ளையாகவும் வளர்ப்போர் மாற்றிவிட்டனர். இதனைப் பொந்திலிருந்து யாரும் எடுத்துவரவில்லை. வளர்ப்பதற்கு நம் சட்டத்தில் தடையும் இல்லை. ஆயினும் தடையின்மை வேறு, பொறுப்பின்மை வேறு.

இந்தச் சிறுகிளி ஒரு சாண் நீளத்துக்குக் குறைவு. எடை 30 முதல் 40 கிராம். நன்றாகப் பேணினால் 5 முதல் 10 ஆண்டு வரை வாழும். எட்டாம் வகுப்பில் வாங்கினால், கல்லூரி முடியும் வரை உடனிருக்கக்கூடும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது என்பதை வாங்கும் முன்பே எண்ணவேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி வைத்தல் கொடுமை, துணை வேண்டும். கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருத்தல் நன்று. கிளி பறப்பது பக்கவாட்டில், மேல்நோக்கி அன்று. தினையும் கம்பும் குதிரைவாலியும் உணவு. அவற்றோடு கீரையும் காய்கறித் துண்டும் நாள்தோறும் வேண்டும். வெறும் தானியத்தால் உயிர்ச்சத்துக் குறை நேரும். சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் செருகி வைக்கலாம். சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுமீறிக் காய்ந்தால் எழும் புகை ஒரே நாழிகையில் பறவையைக் கொன்றுவிடும். ஆகவே சமையலறைக்கு அருகே கூண்டு கூடாது. இரவில் 10 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். நோயை மறைப்பது பறவையின் இயல்பு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரிடத்தில் குந்தியிருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். கூண்டைத் துடைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ மறக்கலாகாது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு. 1929-30இல் அது பல நாடுகளில் பரவி உயிர் குடித்தது.

மிளகாய் கொடுத்தால் கிளிக்கு நாத் திருந்தும் என்று நம் பாட்டிமார் நம்பினர். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே கிளிக்கு அதனால் தீங்கும் இல்லை, நாவன்மையும் இல்லை.

சங்கரன்கோவில் கடைத்தெருவில் இன்று தினை வாங்குவோரில் சிலர் வீட்டுச் சமையலுக்கு வாங்குகின்றனர். சிலர் ஆஸ்திரேலியக் கிளிக்கு வாங்குகின்றனர். தினைக்கும் கிளிக்கும் இருந்த பழம்பகையை அறிந்தவர்கள் இதனை எண்ணி நகைக்கலாம். நகைத்தாலும், அந்தக் கிளிக்குத் தினையைத் தாமே அளந்து வைக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பது உண்மை. கூண்டைத் திறந்து அதனைப் பறக்கவிடுதலும் நன்மை ஆகாது. இரை தேடவும் காகத்துக்கும் பூனைக்கும் தப்பவும் அது அறியாது.

இறுதியாக, கிராமப்புற மாணவர்களுக்கு ஒன்று. காற்றடி காலத்துக்கு முன்னரே பழைய பனைகள் சில சாய்வதுண்டு. அவ்வாறு விழுந்த பனையின் பொந்தில் இறகு முளையாத கிளிக்குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டாம்; பாலும் சோறும் ஊட்டவும் வேண்டாம். தாய்க்கிளி அருகில்தான் கத்திக்கொண்டிருக்கும். துளையிட்ட பெட்டி ஒன்றில் துணி விரித்துக் குஞ்சை வைத்து, அடுத்த மரத்தில் பூனை எட்டாத உயரத்தில் கட்டி, விலகி நின்று பாருங்கள். தாய் வந்து ஊட்டத் தொடங்கினால் நீங்கள் செய்யவேண்டியது வேறொன்றும் இல்லை. மாலைவரை வாராவிட்டால் வனத்துறையினருக்குச் செய்தி அனுப்புங்கள்.